அளவு தெரிந்த ஆலை



இந்த மாதம் உங்களை ஒரு பீர் ஆலைக்கு அழைத்துப் போகப் போகிறேன். இதைப் படித்தவுடனே தாய்மார்களில் பாதிப் பேர் முகம் சுளிப்பீர்கள். "வீட்டில் இருக்கிற தொல்லை போதாதென்று பத்திரிகையிலுமா?" என்று கேட்பீர்கள். கேட்பது நியாயம்தான். சம்பள நாள் மாலையில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த பெண்கள் நம் லயங்களில் எத்தனை பேர்! அவர்கள் கண்ணீரைத் தெரியாதவன் இந்தப் பக்கத்தில் பேனா பிடிக்கக் கூடாது.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. குடிக்காதவர் குடிக்காமலே இருக்கட்டும். அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் குடிக்கிறவர் நம்மிடையே இருக்கிறார். அவரோடு வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். குடி கெட்டது என்று எத்தனையோ மேடைகளில் பேசியாயிற்று. அந்தக் கிளாசுக்குள் என்ன இருக்கிறது, அது எப்படி உண்டாகிறது, எவ்வளவு இருக்கிறது என்று உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள்தாம் குறைவு. அதைத் தெரிந்துகொள்ள ஒரு நல்ல இடம் இருக்கிறது. வாருங்கள், மனத்தால் போய் வருவோம். டிக்கெட் செலவு இல்லை.

பால் தொட்டியில் பிறந்த பீர்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் வடபகுதியில் சீக்கோ என்று ஓர் ஊர். தலைநகரான சாக்ரமெண்டோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பெரிய பட்டணம் அல்ல. சுற்றிலும் பாதாம் தோப்புகளும், ஆச்சரியப்படாதீர்கள், நெல் வயல்களும் உள்ள வட்டாரம். கிழக்கே சியரா நெவாடா என்ற மலைத்தொடர். அந்த மலையின் பெயரையே வைத்துக்கொண்ட சியரா நெவாடா பீர் ஆலைதான் நாம் போகும் இடம்.

இதைத் தொடங்கியவர் கென் கிராஸ்மன். சைக்கிள் கடையில் வேலை பார்த்த இளைஞர். கல்லூரியில் இரசாயனம் படித்தவர். 1976-ல், வீட்டிலேயே பீர் காய்ச்ச விரும்புகிறவர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு சிறிய கடையைச் சீக்கோவில் திறந்தார். அந்நாளில் அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி சரியில்லை. 1920 முதல் 1933 வரை அந்த நாட்டில் மதுவிலக்கு இருந்தது. விலக்கு நீங்கிய பிறகும் வீட்டுப் பீருக்கு மட்டும் அனுமதி வரவில்லை. 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகுதான் அந்தத் தடை நீங்கியது.

அந்தக் காலத்தில் நாடு முழுவதற்கும் நூறு பீர் ஆலைகள்கூட இல்லை. இருந்தவற்றில் பல பெரிய கம்பெனிகள். எல்லாம் ஏறக்குறைய ஒரே ருசி. பீரைச் சிறிய அளவில், பழைய முறையில், தங்கள் கைத்திறனைக் காட்டிக் காய்ச்ச வேண்டும் என்று சிலர் கிளம்பினார்கள். இன்று கிராஃப்ட் பீர் என்று சொல்லப்படுவது இதுதான். 1976-ல் கலிபோர்னியாவின் சோனோமாவில் ஜாக் மெக்காலிஃப் என்பவர் நியூ ஆல்பியன் என்ற சிற்றாலையைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே அது மூடப்பட்டது. வழிகாட்டியவர் விழுந்தார், ஆனால் வழி திறந்துவிட்டது.

கிராஸ்மனும் அவருடைய கூட்டாளி பால் கமூசியும் கடன் வாங்கி 1980-ல் தங்கள் ஆலையைத் தொடங்கினார்கள். புது இயந்திரம் வாங்கப் பணம் ஏது? பால் பண்ணையில் கழித்துப் போட்ட எஃகுத் தொட்டிகளை வாங்கி வெட்டி ஒட்டினார்கள். குளிர்பானக் கம்பெனியின் பழைய புட்டி அடைக்கும் இயந்திரத்தைத் தேடிப் பிடித்தார்கள். பற்றவைக்கும் வேலையைத் தாங்களே செய்தார்கள். பேல் ஏல் என்ற பீர் ஒரு தடவை வந்த ருசியில் மறு தடவை வரவில்லை. சரியாக வரும்வரை, கடனில் காய்ச்சியதையெல்லாம் சாக்கடையில் கொட்டினார்கள்.

கவனியுங்கள். கெட்டுப்போனதால் கொட்டவில்லை. அளவு ஒத்து வராததால் கொட்டினார்கள். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வாருங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

இப்போது உள்ள ஆலை 1980-களின் இறுதியில் கட்டியது. பார்க்க வருகிறவர்களை உள்ளே அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். கண்ணில் முதலில் படுவது பளபளக்கும் செம்பு அண்டாக்கள். நம் கல்யாண வீட்டு அண்டாவைப் போல ஆயிரம் மடங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் மூடிப்போன ஒரு பழைய பீர் ஆலையிலிருந்து வாங்கிக் கப்பலில் கொண்டு வந்தவை. மூக்கில் முதலில் படுவது, கஞ்சி கொதிக்கும்போது வரும் தானிய வாசனை.

பீருக்கு வேண்டியவை நான்கே பொருள்கள். தண்ணீர், வாற்கோதுமை, ஹாப்ஸ், ஈஸ்ட்.

நம் கள்ளுக்கும் பீருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது. தென்னம்பாளையில் வடியும் நீரில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. காற்றிலும் பானையிலும் உள்ள ஈஸ்ட் அதைத் தின்று சாராயச் சத்தாக மாற்றிவிடுகிறது. காலையில் இறக்கியது சில மணி நேரத்தில் போதை தரும். மறுநாள் புளித்துக் காடியாகிவிடும். யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

வாற்கோதுமையில் இருப்பதோ மாவுச்சத்து. அதை ஈஸ்ட் நேரே தின்னாது. ஆகவே முதலில் நாம் பயறு முளை கட்டுவதுபோல வாற்கோதுமையை ஊறவைத்து முளைக்க விடுகிறார்கள். முளை விடும்போது மாவைச் சர்க்கரையாக மாற்றும் பொருள் தானியத்துக்குள்ளேயே உண்டாகிறது. அந்த நேரம் பார்த்து வெப்பத்தில் உலர்த்தி நிறுத்திவிடுகிறார்கள். இதுதான் மால்ட். குழந்தைகளுக்குக் கலக்கிக் கொடுக்கும் மாவு டின்களில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள்.

மால்ட்டை நொறுக்கி, ஏறக்குறைய 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஊற வைக்கிறார்கள். சூடு கூடினால் வேலை செய்யும் பொருள் செத்துவிடும். குறைந்தால் சர்க்கரை முழுவதும் இறங்காது. ஊறியதை வடிகட்டினால் இனிப்பான சாறு கிடைக்கிறது. எஞ்சிய சக்கை மாட்டுத் தீவனம். சாற்றை ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வைத்து, அதில் ஹாப்ஸ் பூவைச் சேர்க்கிறார்கள். ஹாப்ஸ் என்பது பந்தலில் ஐந்தாறு மீட்டர் உயரம் ஏறும் ஒரு கொடி. அதன் பூவுக்குள் மஞ்சள் தூள் இருக்கும். பீரின் கசப்பும் மணமும் அதிலிருந்து வருகின்றன. பீர் சீக்கிரம் கெடாமல் இருக்கவும் அது உதவுகிறது. இந்த ஆலை தன் பேல் ஏலுக்குப் பயன்படுத்தும் காஸ்கேட் என்ற வகை, அமெரிக்க விவசாய ஆராய்ச்சியில் உருவாகி 1972-ல் வெளிவந்தது. அரைத்த ஹாப்ஸ் கட்டிகளைப் பலர் வாங்கும் காலத்திலும், இவர்கள் முழுப் பூவாகவே போடுவதற்குப் பேர் போனவர்கள்.

கொதித்த சாற்றைக் குளிர வைத்து, ஈஸ்ட்டைச் சேர்த்துப் பெரிய தொட்டிகளில் விடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும். தின்றுவிட்டு இரண்டு பொருள்களைத் தள்ளும். ஒன்று நுரைக்கும் வாயு. மற்றொன்று சாராயச் சத்து. கள்ளில் இருப்பதும் அதே சத்து, விஸ்கியில் இருப்பதும் அதே சத்து. பேல் ஏல் போன்ற பீர்களுக்கு இது சில நாள் வேலை. குளிரில் மெதுவாகப் புளிக்கும் லாகர் வகைக்குச் சில வாரங்கள் ஆகும்.

நாம் அறிந்த கண்ணாடிக் குழல்

தொட்டியிலிருந்து கொஞ்சம் சாறு எடுத்து, ஒரு குழாய்ப் பாத்திரத்தில் ஊற்றி, அதில் ஒரு கருவியை மிதக்க விட்டுப் பார்ப்பது பீர் காய்ச்சுகிறவர்களின் பழைய வழக்கம். அந்தக் கருவியைப் பார்த்தால் நம் பெரியவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். வாளியைக் கொண்டு போய் வைத்ததும் கிராணி என்ன செய்வார்? மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்க விட்டு அளவு பார்ப்பார். பாலில் எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்று அது காட்டிக் கொடுக்கும். தண்ணீர் கலந்தால் மறைக்க முடியாது. அந்த அளவை வைத்துத்தான் கூலி. அந்தக் கருவியின் அண்ணன் தம்பிதான் பீர் ஆலையில் மிதப்பதும்.

அங்கே அது காட்டுவது சர்க்கரையை. புளிக்கத் தொடங்குமுன் ஒரு லிட்டர் சாறு ஏறக்குறைய 1,050 கிராம் எடை இருக்கும். சர்க்கரை கனம். புளித்து முடிந்த பிறகு 1,010 கிராம் வரை இறங்கிவிடும். குறைந்த அந்த 40 கிராமைக் கொண்டு கணக்குப் போட்டால், அந்தப் பீரில் நூற்றுக்கு ஐந்து பங்குக்குச் சற்று மேல் சாராயச் சத்து என்று தெரிந்துவிடும். ஊகம் இல்லை, கணக்கு.

சியரா நெவாடா பேல் ஏலில் 5.6 விழுக்காடு. அதே ஆலை காய்ச்சும் பிக்ஃபுட் என்ற கெட்டியான வகையில் 9.6 விழுக்காடு. பார்ப்பதற்கு இரண்டும் பீர்தான். ஒரே அளவு புட்டியில் வந்தாலும் ஒன்றில் இருப்பதைப் போல மற்றொன்றில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் சரியாகத் தெரியாது. எண்ணைப் படித்தவனுக்குத்தான் தெரியும்.

எல்லாம் எழுதி வைத்த கணக்கு என்பதால் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2018 நவம்பர் 8-ஆம் தேதி சீக்கோவுக்குப் பக்கத்து மலையில் பெரிய காட்டுத் தீ மூண்டது. பாரடைஸ் என்ற ஊர் சாம்பலாகி 85 பேர் மாண்டார்கள். அந்த ஆலைத் தொழிலாளர்கள் பலரும் வீடு இழந்தார்கள். ஆலை ரெசிலியன்ஸ் என்ற பெயரில் ஒரு பீர் காய்ச்சி, விற்கும் பணம் முழுவதையும் தீயில் பாதிக்கப்பட்டவர்களுக்கே கொடுப்பதாக அறிவித்தது. அதன் செய்முறையை மற்ற ஆலைகளுக்கும் அனுப்பியது. 1,400-க்கும் மேற்பட்ட ஆலைகள் அதே பீரைக் காய்ச்சி விற்று உதவின. தொழில் இரகசியம் என்று பூட்டி வைத்திருந்தால் முடிந்திருக்குமா?

பால் தொட்டியில் தொடங்கிய ஆலை ஆண்டுக்குப் பத்து லட்சம் பீப்பாய்க்கு மேல் விற்கும் அளவுக்கு வளர்ந்தது. ஒரு பீப்பாய் 117 லிட்டர். 2014-ல் நாட்டின் மறுகோடியில், வட கரோலினா மாநிலத்தில் இரண்டாவது ஆலையும் திறந்தார்கள். சீக்கோ ஆலையில் 10,000-க்கும் மேற்பட்ட சூரிய ஒளித் தகடுகள் மின்சாரம் தருகின்றன. நூறுக்கும் குறைவாக இருந்த அமெரிக்க பீர் ஆலைகள் இப்போது 9,000-க்கு மேல். எல்லாம் செழிக்கவில்லை, 2024-ல் புதிதாகத் திறந்தவற்றைவிட மூடியவை அதிகம்.

டேப்ரூம் என்ற கூடம்

ஆலையைச் சுற்றி வந்தவர்கள் கடைசியில் போய்ச் சேரும் இடம் டேப்ரூம். குழாய் வழியே பீர் ஊற்றிக் கொடுக்கும் கூடம் என்று சொல்லலாம். சீக்கோவில் 1989-ல் சாப்பாட்டுக் கடையோடு சேர்த்தே திறந்தார்கள். நம் பழைய கள்ளுக்கடைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று பார்ப்போம்.

முதலாவது, இங்கே வெறும் வயிற்றில் குடிப்பது வழக்கம் அல்ல. மேசையில் சாப்பாடு இருக்கும். குடும்பத்தோடு வருகிறார்கள். பிள்ளைகளும் சாப்பிட வரலாம். ஆனால் 21 வயது ஆகாதவருக்கு ஒரு சொட்டுப் பீர் கிடையாது. அடையாளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, எத்தனையோ வகைப் பீர் இருக்கும். இத்தகைய கூடங்களில், ஒவ்வொன்றின் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை விழுக்காடு என்று எழுதியிருப்பார்கள். ருசி பார்க்க விரும்புகிறவருக்குச் சிறு சிறு கிளாசில் ஊற்றித் தருவார்கள். கெட்டியான பீரைச் சிறிய கிளாசில்தான் கொடுப்பது வழக்கம்.

மூன்றாவது, கலிபோர்னியாவில், வெளிப்படையாகப் போதையில் இருப்பவருக்கு மேலும் ஊற்றிக் கொடுப்பது சட்டப்படி குற்றம். 2022 முதல், மது பரிமாறுகிறவர் அதற்கென்று பயிற்சி பெற்றுத் தேர்விலும் தேற வேண்டும். நம் ஊரில் தள்ளாடுகிறவன்தான் நல்ல வாடிக்கைக்காரன் என்று நினைத்த கடைகள் எத்தனை!

அதற்காக, அங்கே எல்லாரும் உத்தமர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் குடியால் ஆண்டுக்கு 1,78,000 பேர் இறந்ததாக 2020, 2021-ஆம் ஆண்டுகளுக்கான அரசாங்கக் கணக்கு சொல்கிறது. அழகான கூடமும் செம்பு அண்டாவும் குடியை மருந்தாக்கிவிடாது. மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. இந்த அளவு குடித்தால் ஆபத்தே இல்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொன்னது. கர்ப்பிணிப் பெண்கள் அறவே தொடக் கூடாது.

பின் அந்த ஆலையில் நாம் கற்பது என்ன? ருசியை அல்ல. அளவை.

நம் பக்கம் திரும்புவோம்

நம் முன்னோர்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருந்ததோ இல்லையோ, கள்ளுக்கடை இருந்தது. நாளெல்லாம் உழைத்த கூலி மாலையில் அங்கே போய்ச் சேர்ந்தது. அதை எல்லாரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கையாக இருந்தது. போருக்குப் பிறகு கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். படிப்பறிவு குறைந்தவர்கள் என்று நாம் நினைக்கும் அந்தத் தலைமுறைக்கு, தங்கள் கூலி எங்கே வழிந்து ஓடுகிறது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

கள்ளுக்குப் பின்னே சம்சு வந்தது. சின்னப் புட்டி, மலிவு விலை. கணக்குப் பார்ப்போமா? பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

320 மில்லி லிட்டர் பீர் டின். 5 விழுக்காடு என்றால் அதில் சுத்தச் சாராயம் 16 மில்லி. 500 மில்லி டின், 8 விழுக்காடு என்றால் 40 மில்லி. 150 மில்லி மட்டுமே கொண்ட சின்னப் புட்டி, 37 விழுக்காடு என்றால் 55 மில்லிக்கு மேல். அதாவது உள்ளங்கையில் அடங்கும் அந்தப் புட்டி, மூன்றரை டின் பீருக்குச் சமம். "சின்னதுதானே குடித்தேன்" என்று இனி யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

நம் உடம்பு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 10 மில்லி சாராயத்தைத்தான் கழிக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். கருப்புக் காப்பி குடித்தாலும், எலுமிச்சம்பழம் தேய்த்துத் தலை முழுகினாலும் அந்த வேகம் கூடாது. 8 விழுக்காட்டு டின் இரண்டை இரவு பத்து மணிக்கு முடித்தவனுக்கு 80 மில்லி கழிய எட்டு மணி நேரம் வேண்டும். விடிந்தால் ஆறு மணி. விடியுமுன் பெரட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவன், போதை தெளிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே போதையோடு போகிறான். 2020 அக்டோபர் முதல் மலேசியாவில் வாகனம் ஓட்டுகிறவருக்கான இரத்த அளவு வரம்பு 80-லிருந்து 50 மில்லி கிராமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளைப் பிடிக்கும் கைக்கும் இதே எச்சரிக்கைதான்.

அளவே தெரியாத புட்டி

அளவு எழுதிய புட்டியே இப்படியென்றால், அளவே எழுதாத புட்டி என்ன செய்யும்? 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கள்ள மது குடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்களும் அவர்களில் பலர். மதுவில் மெத்தனால் கலந்திருந்ததே காரணம்.

மெத்தனால் என்பது தொழிற்சாலையில் பயன்படும் சாராயம். குடிக்கும் சாராயத்தைப் போலவே நிறமற்றது, வாசனையும் ஏறக்குறைய அதேதான். ஆனால் உடம்புக்குள் போனதும் அது எதுவாக மாறுகிறது தெரியுமா? ஃபார்மிக் அமிலமாக. ஆம், ரப்பர் பாலை உறைய வைக்க ஸ்டோரில் ஊற்றுவோமே, அதே அமிலந்தான். அது கண் நரம்பைத் தாக்கும். பார்வை போகும், உயிரும் போகும்.

குடித்த உடனே தெரியாது. பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாள் கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண் மங்கல் வரும். "நேற்றுக் குடித்த மப்பு" என்று படுக்க வைத்துவிடாதீர்கள். கண் மங்குகிறது என்று சொன்னால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கூடக் குடித்தவர்களையும் அழைத்துப் போங்கள். நேரத்தோடு போனால் மாற்று மருந்து இருக்கிறது, இரத்தத்தைச் சுத்தம் செய்யும் சிகிச்சை இருக்கிறது. போலீசுக்குப் பயந்து வீட்டில் வைத்திருந்தால் ஒன்றும் இல்லை.

முத்திரை இல்லாத புட்டி, ஊர் பேர் இல்லாத லேபிள், கடை விலையில் பாதி விலை. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அது நஞ்சு என்றே எண்ணுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு

குடிக்கிற தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. சீக்கோவில் இரண்டு இளைஞர்கள் ஒத்து வராத பீரைக் கடன் சுமையிலும் கொட்டினார்கள். காய்ச்சுகிறவனுக்கு அவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது, குடிக்கிற நமக்குப் புட்டியில் உள்ள எண்ணைப் படிக்கிற பொறுமையாவது வேண்டாமா? சுத்தச் சாராயம் எத்தனை மில்லி என்று ஒரு முறை கணக்குப் போடுங்கள். சாப்பிட்ட பிறகு குடியுங்கள், வண்டிச் சாவியை வீட்டில் கொடுத்துவிட்டுக் குடியுங்கள். ஒன்று போதாமல் இரண்டு, இரண்டு போதாமல் நான்கு என்று ஏறுகிறது என்றால், காலையில் கை நடுங்குகிறது என்றால், அது பழக்கம் அல்ல, நோய். நோய்க்கு வைத்தியம் உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் போய்ச் சொல்ல வெட்கப்படாதீர்கள். நாள் தவறாமல் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் தானாக நிறுத்துவதும் ஆபத்து, வலிப்பு வரலாம். மருத்துவரைக் கேட்டுக்கொண்டே நிறுத்துங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். நாளைக்குப் பத்து வெள்ளி குடிக்குப் போகிறது என்றால் மாதம் 300 வெள்ளி. 2025-ல் அரசாங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆறில் ஒரு பங்குக்கு மேல் புட்டியில் போகிறது. வருடத்துக்கு 3,650 வெள்ளி. சண்டை போடும் நேரத்தில் இதைச் சொல்லாதீர்கள், காதில் ஏறாது. ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் பசியாறிவிட்டு நல்ல மனத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, பிள்ளையின் பள்ளி நோட்டில் இந்தக் கணக்கை எழுதி அவர் முன்னே வையுங்கள். திட்ட வேண்டாம், அழ வேண்டாம். எண் தானே பேசும்.

பாலில் எவ்வளவு தண்ணீர் என்று கருவி வைத்துப் பார்த்துக் கூலி வாங்கிய குடும்பம் நம் குடும்பம். நம் பாலை அளந்தவர்கள் ஒரு நாளும் கணக்கில் ஏமாந்ததில்லை. அந்தக் கூலி வீட்டுக்கு வந்த பிறகு அளப்பது நம் வேலை அல்லவா?

அடுத்த மாதம் வேறோர் இடத்துக்குப் போவோம். வணக்கம்.